பாண்டாயா, மேன்லியா? ஊரிலிருந்து வந்த பெற்றோரைச் சிட்னியில் எந்தக் கடற்கரைக்கு அழைத்துப் போவது

ஊரிலிருந்து அம்மாவோ அப்பாவோ மாமியாரோ வந்து இறங்கினால், எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் இந்தப் பேச்சு வந்துவிடும். முதல் நாள் தூக்கம். இரண்டாம் நாள் மேஸ் ஹில் முருகன் கோவில். அப்புறம், "கடலுக்கு எப்பப் போறோம்?"

நாங்கள் இருப்பது டூங்காபியில். சிட்னியின் மேற்குப் புறநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எல்லாம் கடல் என்பது ஒரு நாள் பயணம். வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், எங்கிருந்து கிளம்பினாலும் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். எனவே கடற்கரையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் யோசிக்காமல் பாண்டாய்க்குப் போகிறார்கள், பெயர் தெரிந்த கடற்கரை அதுதான் என்பதால். நானும் அப்படித்தான் போனேன். இப்போது யார் கேட்டாலும் முதலில், "வருகிறவர்களுக்கு முழங்கால் எப்படி?" என்று கேட்கிறேன். அறுபது வயதைத் தாண்டியவர்களோடு போவதாக இருந்தால் என் பதில் மேன்லி. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் முதல் அனுபவம் ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை. அம்மா அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பாண்டாய் போனேன். வண்டி நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் சுற்றினோம். கடைசியில் கிடைத்தது மேட்டுத் தெரு ஒன்றில். பாண்டாய் ஒரு கிண்ணம் போன்ற இடம். தெருக்கள் எல்லாம் மேலே, மணல் கீழே. கேம்ப்பெல் பரேட் என்ற பெரிய சாலையிலிருந்து புல்வெளிச் சரிவில் இறங்க வேண்டும். சரிவுப்பாதை போட்டிருக்கிறார்கள், இறங்கிவிடலாம். திரும்பி ஏறுவதுதான் பாடு. அம்மா பாதிச் சரிவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்கு இங்கேருந்தே தெரியுது" என்றார். அவ்வளவு தூரம் வந்து அம்மாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனது எனக்கு இன்னமும் வலிக்கிறது.

கார் வேண்டாம் என்பதை அன்றே கற்றுக்கொண்டேன். மேன்லிக்கும் அதுவே பொருந்தும். அங்கே காரில் போகும் வழியில் ஸ்பிட் பாலம் இருக்கிறது. படகுகள் போவதற்காகக் குறித்த நேரங்களில் பாலத்தைத் தூக்குவார்கள், சாலை அப்படியே நின்றுவிடும். ரயிலே போதும். மேற்கிலிருந்து வரும் ரயிலில் சென்ட்ரல் வரை எல்லோருக்கும் ஒரே வழி. பாண்டாய்க்கு அங்கிருந்து இன்னொரு ரயில் மாறி பாண்டாய் ஜங்ஷன் போக வேண்டும். அந்தப் பெயர் பலரை ஏமாற்றிவிடுகிறது. ரயில் கடல்வரை போவதில்லை, ஜங்ஷனில் இறங்கி 333 பஸ் பிடிக்க வேண்டும். கோடைக்கால வார இறுதியில் அந்த பஸ்ஸில் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போவீர்கள். மேன்லிக்கு சென்ட்ரலில் மாறி சர்க்குலர் கீ. ஆங்கிலப் பலகையைப் பார்த்து 'குவே' என்று படிக்கத் தோன்றும், இங்கே எல்லோரும் 'கீ' என்றுதான் சொல்கிறார்கள். அங்கே ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. மூன்றாம் எண் துறையில் மேன்லி ஃபெரி நிற்கும்.

இரண்டு வழியிலும் மாறும் தடவைகளும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பஸ்ஸில் போகும் நேரம் வெறும் பயணம். ஃபெரியில் போகும் நேரமே ஊர் பார்ப்பது. என் தேர்வில் பாதி இந்த ஒரு காரணத்தால்தான்.

அரசு ஃபெரிக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். தனியார் வேகப்படகும் ஓடுகிறது, இருபது நிமிடத்தில் கொண்டு சேர்த்துவிடும். அந்த அவசரம் எதற்கு? ஓப்பல் என்ற போக்குவரத்து அட்டையோ, தட்டிப் பணம் செலுத்தும் வங்கி அட்டையோ இருந்தால் போதும், சீட்டு வாங்க வேண்டாம். வெள்ளி, சனி, ஞாயிறுகளில் ஒரு நாளைக்கான கட்டண உச்சவரம்பு மற்ற நாட்களைவிடக் குறைவு. ரயிலும் அரசு ஃபெரியும் சேர்ந்தே அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். 1980களில் கட்டிய ஃபிரெஷ்வாட்டர் வகைப் பெரிய கப்பல் கிடைத்தால் அதில் ஏறுங்கள். எழுபது மீட்டர் நீளம், ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம், முன் பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். திரும்பாமலே அப்படியே வந்த வழி போகும். சின்னப் படகு என்றால் பயப்படும் பெரியவர்கள் இதில் ஏறினால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்துவிடுவார்கள்.

போகும்போது வலப்பக்க வெளி இருக்கையைப் பிடியுங்கள். கிளம்பியதுமே ஓபரா ஹவுஸ் கையெட்டும் தூரத்தில் கடந்துபோகும். அதன்பின் டெனிசன் கோட்டை என்ற சின்னத் தீவு. கடைசியில் நார்த் ஹெட், சவுத் ஹெட் என்ற இரண்டு செங்குத்துப் பாறை முனைகளுக்கு நடுவே பசிபிக் பெருங்கடல் திறந்து கிடக்கும். அந்த வாயில் வழியாகக் கடலின் அலை உள்ளே வரும் இடத்தில் கப்பல் மெல்ல ஆடும். குமட்டல் வருகிறவர்கள் அந்த ஐந்து நிமிடம் கப்பலுக்குள்ளே போகாமல் வெளியிலேயே நின்று தூரத்துக் கரையைப் பார்ப்பது நல்லது. கடல் மிகவும் கொந்தளிப்பாக இருக்கும் நாளில் ஃபெரியை நிறுத்திவிடுவார்கள். காலையில் கிளம்பும் முன் போக்குவரத்துச் செயலியில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழித்தடத்தில் ஒரு கதை இருக்கிறது. நான் அதைச் சொல்லாமல் யாரையும் கூட்டிப் போவதில்லை. 1788-ல் ஆங்கிலேயர் வந்து இறங்கியபோது ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் இந்தத் துறைமுகத்தின் வடக்குக் கரையில் சந்தித்த ஆதிக்குடி மக்களின் தைரியத்தையும் ஆண்மை மிக்க நடத்தையையும் வியந்து அந்த இடத்துக்கு மேன்லி என்று பெயர் வைத்தார். வியந்தவரே அடுத்த ஆண்டு நவம்பரில் ஆட்களை அனுப்பி, அதே கரையில் பென்னலாங், கோல்பி என்ற இருவரைப் பிடித்துக் கட்டி இழுத்துவரச் செய்தார். மொழி கற்றுக்கொள்ள வேண்டுமாம். இருவரும் பிறகு தப்பிவிட்டார்கள். 1790 செப்டம்பரில் மேன்லியில் கரை ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தைச் சுற்றி மக்கள் கூடியிருந்தபோது ஃபிலிப் அங்கே போனார். பென்னலாங்கும் இருந்தார். அந்தச் சந்திப்பில் ஒருவர் எறிந்த ஈட்டி ஃபிலிப்பின் தோளில் பாய்ந்தது. ஃபிலிப் பிழைத்தார், பழிவாங்க வேண்டாம் என்று உத்தரவிட்டார். அதன்பின் பென்னலாங்குக்காகத் துறைமுகத்தில் ஒரு முனையில் செங்கல் குடில் கட்டிக்கொடுத்தார்கள். ஓபரா ஹவுஸ் நிற்பது அந்த இடத்தில்தான். இன்றும் அதன் பெயர் பென்னலாங் பாயின்ட். ஃபெரி அந்த முனையை ஒட்டிப் புறப்பட்டு, அவரைப் பிடித்த கரைப்பக்கம் போய்ச் சேர்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா இதைக் கேட்டபின் அரை மணி நேரமும் கைப்பேசியை வெளியே எடுக்கவில்லை.

மேன்லியில் இறங்கினால் தரை சமம். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. அந்த ஊர் ஒரு குறுகலான நிலத்துண்டு. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் பெருங்கடல். இரண்டையும் இணைக்கும் கோர்சோ என்ற தெரு நானூறு மீட்டர் நீளம், பெரும்பகுதியில் வண்டிகள் கிடையாது. நடுவில் மரநிழல், உட்கார இருக்கைகள். அம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு ஏற்றம்கூட ஏறாமல் பெருங்கடலின் முன்னால் போய் நின்றார். கரை நெடுக நார்ஃபோக் பைன் மரங்கள், நம் ஊரில் சவுக்கு நிற்பதுபோல் வரிசையாக. பாண்டாயில் மணலையொட்டி இவ்வளவு நிழல் இல்லை.

அங்கிருந்து தெற்கே கடலோரமாக ஒரு தளம் போட்ட நடைபாதை ஷெல்லி பீச்சுக்குப் போகிறது. பெரிய ஏற்ற இறக்கம் இல்லை, இருபது நிமிடம் போதும். வழியில் சுவர் மேல் முழங்கை நீளத்துக்கு நீர்ப்பல்லிகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், யார் போனாலும் நகராது. அந்த நடைபாதையை ஒட்டிய கேபேஜ் ட்ரீ விரிகுடாவில் 2002 முதல் மீன் பிடிக்கவோ எதையும் எடுக்கவோ தடை. அதனால் கரையில் நின்றபடியே மீன் கூட்டத்தைப் பார்க்கலாம். இந்த மாநில மீனான நீல குரோப்பரும் அங்கே உண்டு. ஷெல்லி பீச் மேற்கு பார்த்த சின்னக் கடற்கரை. பெருங்கடல் அலை நேராக அடிப்பதில்லை என்பதால் சிட்னியின் திறந்த கடற்கரைகளுக்கு நடுவே அது ஒரு குளம்போல் இருக்கும். பேரப்பிள்ளைகளோடு கால் நனைக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கால் நனைப்பது பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மெரினாவிலும் எலியட்ஸிலும் வளர்ந்த நமக்குக் கடல் என்றால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை நிற்பது. நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு வராது. சிட்னியின் பெருங்கடல் கரைகளில் அந்தப் பழக்கம் ஆபத்தானது. இங்கே ரிப் என்று சொல்லும், கரையிலிருந்து உள்ளே இழுத்துப்போகும் நீரோட்டம் உண்டு. கொடுமை என்னவென்றால் அது பார்க்க அமைதியாக இருக்கும். இருபுறமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் அலையில்லாமல் கருநீலமாக ஒரு பட்டை தெரியும். பழக்கமில்லாதவர் அதுதான் பத்திரமான இடம் என்று நினைத்து இறங்குவார். பாண்டாயின் தெற்கு முனையில் நிரந்தரமாக அப்படி ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கி நேராக நடந்தால் போய் நிற்பதும் அந்தப் பக்கம்தான். என் அக்கா பையன் பன்னிரண்டு வயதில் அங்கே இடுப்பளவு நீரில் நின்றான். காலடி மணல் உருவிக்கொண்டு போக, அவன் இரண்டு எட்டு தானாகவே பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன். அதற்குள் உயிர்காப்பாளரின் விசில் கேட்டது, ஓடிப்போய்ப் பிடித்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு எட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது.

1938 பிப்ரவரி 6 அன்று பாண்டாயில் அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் மணல்திட்டில் நின்றிருந்த நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் உள்ளே இழுத்தன. சுமார் 250 பேரை மீட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். 'கறுப்பு ஞாயிறு' என்று அதை இன்றும் நினைவுகூர்கிறார்கள். நீச்சல் கற்றவர்கள் நிறைந்த ஊரில் நடந்தது இது. எனவே பாண்டாயோ மேன்லியோ, உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்குங்கள். கால் மட்டும்தான் நனைக்கப் போகிறேன் என்றாலும் அங்கேதான். கொடி இல்லையென்றால் மணலோடு நின்றுவிடுங்கள்.

மேன்லிக்கு இதில் ஒரு கூடுதல் வசதி. பெருங்கடல் பக்கம் கொந்தளித்தால், கோர்சோ வழியாகத் திரும்பி நடந்து துறைமுகப் பக்கக் கரைக்கு வந்துவிடலாம். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே மணலும் புல்வெளியும் உண்டு, அலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பெரிய மழை பெய்தால் துறைமுகக் கரைகளில் மூன்று நாள்வரை குளிக்க வேண்டாம் என்பது இங்கே வழக்கமான அறிவுரை. வடிகால் நீரெல்லாம் துறைமுகத்தில்தான் கலக்கிறது. வடகிழக்குக் காற்றடிக்கும் கோடை நாட்களில் புளூபாட்டில் என்ற நீலநிறக் கொட்டும் உயிரி பெருங்கடல் கரைகளில் ஒதுங்கும். கொட்டினால் கடல்நீரில் அலசிவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பாண்டாயை நான் ஒதுக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். நன்றாக நடக்கக்கூடியவர்கள் வந்தால் நான் பாண்டாய்க்குத்தான் அழைத்துப் போவேன். அங்கிருந்து கூஜீ வரை பாறை விளிம்பில் ஆறு கிலோமீட்டர் நடைபாதை, டாமராமா, பிரொன்டி, குளோவெல்லி என்று ஒவ்வொரு விரிகுடாவாக இறங்கி ஏறிப் போகும். கடல் அரித்த மணற்பாறைகள் தேன்கூடு போல் துளைத்துளையாக நிற்கும். படிகள் ஏராளம். முழுதும் முடியாதென்றால் பிரொன்டி வரை இரண்டரை கிலோமீட்டர் போய் பஸ் பிடிக்கலாம். பிரொன்டியில் பாறையைக் குடைந்த கடல்நீர்க் குளம் இருக்கிறது, இலவசம். பாண்டாயின் தெற்கு முனையில் இருக்கும் ஐஸ்பெர்க்ஸ் குளத்துக்குக் கட்டணம் உண்டு. அலை சுவரைத் தாண்டி நீந்துகிறவர்கள் மேல் விழுவதை மேலே நின்று பார்ப்பதற்கு ஒரு காசும் வேண்டாம். இங்கே வசந்தகாலமான அக்டோபர், நவம்பரில் இந்தப் பாதை நெடுக சிற்பக் கண்காட்சி வைப்பது 1997-ல் தொடங்கிய வழக்கம். போகும் முன் அந்த ஆண்டு நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் பெரும்பாலும் சென்னை வெயிலுக்குத் தப்பி மே, ஜூனில் வருகிறார்கள். இங்கே அப்போது குளிர்காலம். அதற்காகக் கடலைத் தள்ளிப்போட வேண்டாம். மே முதல் நவம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இந்தக் கரையோரமாகத்தான் போய்வருகின்றன. நார்த் ஹெட் முனைக்கு மேன்லி படகுத்துறையிலிருந்து பஸ் போகிறது. அங்கே பாறை விளிம்பில் தளம் போட்ட ஒரு கிலோமீட்டர் சுற்றுப்பாதை, சக்கர நாற்காலியிலும் போகலாம். அப்பா ஒரு ஜூன் மாதம் அங்கே நின்று தூரத்தில் நீர் பீய்ச்சியதைப் பார்த்துவிட்டு, "அதோ, அதோ" என்று பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவர்களிடம் தமிழிலேயே காட்டிக்கொண்டிருந்தார். அவர்களும் பார்த்தார்கள். பாண்டாய் நடைபாதை முனைகளிலிருந்தும் திமிங்கிலம் தெரியும். ஆனால் பெரியவர்கள் அங்கே போய்ச்சேர படியேற வேண்டும். நார்த் ஹெட்டில் பழைய தொற்றுத்தடுப்பு நிலையமும் இருக்கிறது. நோய் கண்ட கப்பல்களில் வந்தவர்களை 1830களில் தொடங்கி அங்கேதான் தங்கவைத்தார்கள். 1984-ல்தான் மூடினார்கள். குளிருக்கு ஸ்வெட்டர் போதாது, காற்று புகாத மேல்சட்டை ஒன்று ஃபெரிக்குத் தேவை.

வேறு வழிகளும் உண்டு. ரயில் மாறினாலும் பரவாயில்லை, படகும் பஸ்ஸும் வேண்டாம் என்றால் குரோனுல்லா. சிட்னியில் ரயிலிலேயே போய்ச் சேரக்கூடிய பெருங்கடல் கரை அது ஒன்றுதான். மேன்லியைப்போல் ஒரு பக்கம் அமைதியான விரிகுடா, மறுபக்கம் கடல், நடக்கும் தூரமும் குறைவு. மேற்கிலிருந்து போகத் தூரம் அதிகம், துறைமுகம் பார்க்கக் கிடைக்காது. ஏற்கெனவே ஒருமுறை வந்து ஓபரா ஹவுஸ் எல்லாம் பார்த்தவர்களுக்கு இது நல்ல தேர்வு. ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோவிலுக்குப் போகிற நாளில் ஸ்டான்வெல் பார்க் கடற்கரையையும் சேர்த்துப் பார்க்கலாம். அங்கே கடல் கடுமையானது, மணலில் உட்கார்ந்து பார்க்க மட்டும்.

சாப்பாட்டில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் விலை அதிகம், சைவம் சாப்பிடும் பெரியவர்களுக்கு உருளைக்கிழங்கு சிப்ஸைத் தாண்டித் தேட வேண்டியிருக்கும். நாங்கள் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போகிறோம். ஷெல்லி பீச் புல்வெளியில் விரித்துச் சாப்பிடலாம். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பாதீர்கள், கடற்காகங்கள் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும். சன்ஸ்கிரீன் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு என்று அப்பாக்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள், தடவிவிடுங்கள். இங்கே வெயில் சூடு தெரியாமலே சுட்டுவிடும்.

திரும்பும் ஃபெரியைச் சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்பாகப் பிடியுங்கள். குளிர்காலமென்றால் நாலேகால் மணிக்கெல்லாம் துறைக்கு வந்துவிட வேண்டும். இந்தத் தடவை கப்பலின் முன்பக்கம். போகும்போது முதுகுக்குப் பின்னால் விட்டுவந்த துறைமுகப் பாலம் இப்போது நேரெதிரே, சூரியன் அதன் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். அம்மா அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரை வரும்வரை உட்காராமல் நின்றே வந்தார்.